உப்பைத் தேடிப் போன ரொட்டிகள்

சீலோவாம்புரத்தில் ரொட்டி நடக்க ஆரம்பித்தது ஓர் ஆவணி மாத வியாழக்கிழமை, காலை ஏழேகால் மணிக்கு, பள்ளிக்கூட வேன் போன பிறகு, மீன்காரி வருவதற்கு முன்னால். முதலில் கிளம்பியது ஒரு பன். ஏவாள் தன் கடையின் கண்ணாடி அலமாரியைத் திறந்துவைத்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பன் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறங்கி, கீழ்த்தட்டிலிருந்து தரைக்கு இறங்கி, வாசற்படியில் சற்று நின்று, கிழக்கே திரும்பி உருண்டது. அதன் பின்னால் இரண்டு, அதற்கும் பின்னால் ஏழெட்டு, பிறகு மொத்த அலமாரியும். பன்கள் உருண்டன, நீள ரொட்டிகள் பீரோவை நகர்த்துகிற மாதிரி மூலைக்கு மூலை ஊன்றி ஊன்றி நகர்ந்தன, நறுக்கி வைத்திருந்த துண்டுகள் வரிசை குலையாமல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போயின. மக்ரூன்களும் பட்டர் பிஸ்கட்டுகளும் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

எதிர்வீட்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த சீனிக்கனி, ஏவாளின் அண்ணன் பெண்டாட்டி, துடைப்பத்தை நிமிர்த்திப் பிடித்து அந்த ஊர்வலத்துக்கு வழிவிட்டாள்.

"ஏட்டி ஏவா, ஒன் ரொட்டியெல்லாம் எங்க போவுது?"

"தெரியல மதினி. உப்பளத்துப் பக்கம் போற மாதிரி இருக்கு."

"கடையப் பூட்டிட்டுப் போய்ப் பாரு. நான் இங்க நிக்கேன்."

ஏவாள் கடையைப் பூட்டவில்லை, பூட்டிக் காக்க உள்ளே மக்ரூனும் பிஸ்கட்டும்தான் மிச்சம். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு ரொட்டிகளுக்குப் பின்னால் நடந்தாள். அவை பஸ் நிழற்குடையைத் தாண்டின, வேதக்கோயில் மதிலை ஒட்டித் திரும்பின, உடைமரக் காட்டுக்குள் முள்ளில் மாட்டாமல் வளைந்து வளைந்து போயின, கடைசியில் உப்புப் பாத்திகளின் வரப்பு மேல் ஏறி, வெள்ளையாய்க் கூம்பாய்க் குவித்துவைத்திருந்த ஓர் உப்பு அம்பாரத்தின் அடியில் போய்ச் சேர்ந்து, நெடுநாள் பிரிந்திருந்த சொந்தக்காரரைப் பார்த்ததுபோல அதன்மேல் சாய்ந்துகொண்டன. உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் பலகைகளைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஏவாள் வரப்புக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். அது யோபுவின் உப்பளம். இருபத்திரண்டு வருஷமாக அந்த வரப்பில் அவள் கால் வைத்ததில்லை.

ஊருக்கே தெரிந்த சங்கதிதான் அது. அவளுக்கு இருபத்தொரு வயதிருந்தபோது யோபுவுக்கும் அவளுக்கும் நிச்சயம் ஆனது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் இன்னாரை மணக்கப்போகிறார், தடை உண்டானால் இப்போதே சொல்லுங்கள் என்று சபைகுருவான ஐயர் கேட்பார். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மூன்றாவது ஞாயிறு, அப்போதிருந்த பழைய ஐயர் கண்ணாடிக்கு மேலாகச் சபையைப் பார்த்துக் கேட்டபோது, ஆண்கள் பக்கத்தில் நான்காவது பெஞ்சில் மாப்பிள்ளையே எழுந்து நின்று, "எனக்கு ஆட்சேபணை" என்றான். ஏவாள் எழுந்தாள், நடுவழியாக நடந்து வெளியே போனாள், போனவள் அந்த வாரமே தன் அப்பாவிடம் அடுப்பு கட்டித் தரச் சொல்லி ரொட்டி சுட ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் அடுப்பு சூடாக இருக்கிறது என்று சொல்லியே திருப்பி அனுப்பினாள். யோபுவும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. ஒரே கோயிலில், ஒரே ஆராதனையில், இருபத்திரண்டு வருஷம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பாடினார்கள்.

அன்றைக்கும் அவன் பாத்திக்கு அந்தப் பக்கம் நின்றான், இவள் இந்தப் பக்கம் நின்றாள், நடுவில் ரொட்டிகள் உப்பில் சாய்ந்து கிடந்தன.

ரொட்டி நடந்த காரணம் என்னவென்று கோயிலின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அதனால் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. முந்தின நாள் புதன்கிழமைக் கூட்டத்தில் எப்சிபா டீச்சர் கரும்பலகையில் அந்தக் கணக்கைப் போட்டிருந்தார். எப்சிபா டீச்சர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுப்பவர், ஐம்பது வயது, தனிக்கட்டை. நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதத்தில் எட்டு வசனத்துக்கு ஒரு தரம் ஆலெப், பேத், கிமெல் என்று தலைப்பு வருகிறதே, அது என்ன என்று சின்ன வயதில் கேட்டு அடிவாங்கினவர். அந்த அடியை மறக்காமல், வயதான பிறகு தபாலில் பாடம் வரவழைத்து எபிரெயு படித்தார். படித்ததைப் புதன்கிழமை மூன்று மணிக்குப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

"அவங்களுக்கு எண்ணுக்குன்னு தனி எழுத்துக் கெடையாது," என்று சுண்ணாம்புக்கட்டியைத் தட்டிக்கொண்டே சொன்னார். "எழுத்துதான் எண்ணு. ஆலெப் ஒண்ணு, பேத் ரெண்டு, யோத் பத்து, கோப் நூறு. நம்மகிட்டயும் உண்டே. பழைய பத்திரத்த எடுத்துப் பாருங்க, க-ன்னு போட்டா ஒண்ணு, அ-ன்னு போட்டா எட்டு, ய-ன்னு போட்டா பத்து. அப்ப அவங்க எந்த வார்த்தையை எழுதினாலும் அது ஒரு கணக்குதான். கூட்டிப் பார்க்கலாம். ரெண்டு வார்த்தைக்கு ஒரே கூட்டுத்தொகை வந்தா, இது ரெண்டுக்கும் என்ன ஒறவுன்னு ஒக்காந்து யோசிப்பாங்க. வேதத்தை அப்படியும் வாசிச்சிருக்காங்க."

"ஒண்ணு போட்டுக் காட்டுங்க டீச்சர்," என்றாள் சீனிக்கனி.

டீச்சர் ஏவாளைப் பார்த்துச் சிரித்தார். "அப்பம். எபிரெயுல லெகெம். நம்ம பெத்லெகேம்ல இருக்கே, அதே லெகெம்தான், அப்பத்தோட வீடு. லாமேத் முப்பது, கேத் எட்டு, மேம் நாப்பது. எழுபத்தெட்டு. இப்ப உப்பு. மேலாக். மேம் நாப்பது, லாமேத் முப்பது, கேத் எட்டு. அதே மூணு எழுத்து, இடம்தான் மாறியிருக்கு. எழுபத்தெட்டுக்கு எழுபத்தெட்டு."

இரண்டு எழுபத்தெட்டையும் எழுதி நடுவில் சமக்குறியைப் போட்டு, அழிக்க மறந்து வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை ரொட்டி நடந்தது.

ஊர் அதற்குப் பழகுவதற்குச் சரியாக ஒன்பது நாள் ஆனது. முதல் இரண்டு நாள் நாய்கள் துரத்தின, மூன்றாம் நாள் சலித்துப்போய் நிழலில் படுத்துக்கொண்டன. டவுன் பஸ் டிரைவர் ரொட்டி கடக்கும் வரை வண்டியை நிறுத்தி, பன் ஒன்றும் பின்தங்கவில்லை என்று கண்டக்டர் குனிந்து பார்த்து விசில் கொடுத்த பிறகே எடுத்தார். பஞ்சாயத்தில் 'ரொட்டி கடக்கும் இடம், மெதுவாகச் செல்லவும்' என்று பலகை எழுதி நட்டார்கள். ரொட்டி வேண்டியவர்கள் கடைக்கு வராமல் கோயில் மதிலோரம் பாத்திரத்தோடு நின்று வேண்டியதைப் பிடித்துக்கொண்டு, ஏவாளிடம் போய்ச் சொல்லிவிட்டுப் போனார்கள். மீந்தது உப்பளத்துக்குப் போனது. அங்கே கால் வெடித்த பெண்கள் பத்து மணிக்கு அம்பாரத்தடியில் உட்கார்ந்து, உப்பில் சாய்ந்திருந்த பக்கத்தைப் பிய்த்துத் தின்று, இந்த மாதிரி ருசி இதுவரைக்கும் கண்டதில்லை என்றார்கள்.

யோபு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் கழுவிக் காயவைத்த சாக்கில் மிச்ச ரொட்டியைப் போட்டு, யாரிடமாவது கொடுத்துத் திருப்பி அனுப்பினான். சாக்கு உடைமரக் காட்டைத் தாண்டுவதற்குள் உள்ளே இருப்பவை முட்டிமோதித் தையலைப் பிரித்துக்கொண்டு அம்பாரத்துக்கே திரும்பிவிட்டன. மறுநாள் வேறு சாக்கு வரும், அதுவும் கழுவியிருக்கும்.

"ஒரு வார்த்த சொல்லி அனுப்புதானா?" என்று சீனிக்கனி ஏவாளைக் கேட்பாள்.

"சாக்குதான் மதினி வருது. வெறுஞ்சாக்கு."

"நல்லா வெளுத்திருக்கான்."

"அது அவன் சாக்கு, அவன் வெளுப்பான். எனக்கென்ன?" என்பாள் ஏவாள். ஆனால் அந்தச் சாக்குகளை அவள் தூரப் போடவில்லை, மடித்து மாவு மூட்டைக்கு அடியில் வைத்தாள்.

இரண்டாவது புதன், டீச்சரின் பெயரையே கூட்டிப் பார்த்தார்கள். எப்சிபா என்றால் அவள்மேல் எனக்குப் பிரியம் என்று அர்த்தம், கூட்டினால் நூற்றுத்தொண்ணூற்றைந்து. டீச்சர் தபால் பாடத்தின் பின்பக்கப் பட்டியலைப் புரட்டி, அதே தொகைக்கு மிக்னே என்று ஒரு வார்த்தை இருப்பதைக் கண்டுபிடித்துச் சத்தமாக வாசித்த பிறகே அதற்கு ஆடுமாடு என்று பொருள் என்பதைக் கவனித்தார். மறுநாள் முதல் ஊரிலுள்ள வெள்ளாடுகள் அத்தனையும் அவர் பின்னால் பள்ளிக்கூடம் போயின. எட்டாம் வகுப்பு ஜன்னலில் கன்றுக்குட்டிகள் முகத்தை வைத்துக்கொண்டு இயற்கணிதம் கேட்டன. டீச்சர் முதலில் கூச்சப்பட்டார், பிறகு பெயர் வைத்தார், பிறகு வருகைப் பதிவேடு போட்டார். ஆடு வளர்ப்பவர்கள் மேய்ச்சல் கவலை விட்டது என்று சாயங்காலம் டீச்சர் வீட்டு வாசலுக்கு வந்து தத்தம் ஆட்டைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஞானசிகாமணி ஐயர் மூன்றாவது புதன்கிழமைக் கூட்டத்துக்கு நேரில் வந்தார். சின்ன உடம்பு, பெரிய குரல், எதையும் அவசரப்பட்டுக் கண்டிக்காத மனிதர்.

"டீச்சர், ஒண்ணு கேக்கேன், கோவிக்கப்படாது. இது வேதமா, ஜோசியமா?"

"ஜோசியம் நாளைக்கு என்ன நடக்கும்னு சொல்லும் ஐயா. இது எழுதியிருக்கிறதை இன்னொரு தரம் வாசின்னு சொல்லும். அவ்வளவுதான்."

"நல்லதுதான். ஆனா எதை எதோட கூட்டுதீங்கன்னு பார்த்துக் கூட்டுங்க."

டீச்சர் தயங்கினார். பிறகு, ஒளித்துவைத்தால் அது படிப்பில்லை என்று நினைத்தவராக, பலகையில் எழுதினார்: பாம்புக்கு முந்நூற்று ஐம்பத்தெட்டு, கிறிஸ்துவைக் குறிக்கும் மேசியாவுக்கும் முந்நூற்று ஐம்பத்தெட்டு. ஐயர் கையிலிருந்த தேநீர் அங்கியில் சிந்தியது. ஆனால் அவர் எழுந்து போகவில்லை. நெடுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்து, "வனாந்தரத்துல மோசே ஒரு வெண்கலப் பாம்பைக் கம்பத்துல தூக்கி நிறுத்தினார்லா," என்று தனக்குத்தானே சொன்னார். "கடிபட்டவன் அதைப் பாத்துப் பிழைச்சான்." ஞாயிற்றுக்கிழமை அதையே பிரசங்கம் பண்ணினார். அன்றைக்கு ஒரு நல்லபாம்பு வந்து ஆண்கள் பக்கம் கடைசிப் பெஞ்சின் கீழ் சுருண்டு படுத்து, பிரசங்கம் முழுக்கக் கேட்டது. காணிக்கைப் பை வருவதற்கு முன்னால் கிளம்பிப் போனது. அதைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை, அப்படிப் போகிறவர்கள் சபையில் ஏற்கெனவே இருந்தார்கள். மறுவாரம் அந்தப் பெஞ்சை மட்டும் காலியாக விட்டார்கள்.

இதற்குள் சீனிக்கனி கணக்கில் கரைகண்டுவிட்டாள். கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஊரிலுள்ள வேதப்பெயர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தாள். ஐந்தாவது புதன்கிழமை ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தாள்.

"டீச்சர், ஏவாளுக்கு எபிரெயுல ஹவ்வா, கேத் எட்டு, வௌ ஆறு, ஹே அஞ்சு. பத்தொம்பது. சரியா?"

"சரி."

"யோபுக்கு ஆலெப் ஒண்ணு, யோத் பத்து, வௌ ஆறு, பேத் ரெண்டு. அதுவும் பத்தொம்பது."

ஏவாள் முந்தானையை விரலில் சுற்றினாள்.

"மதினி, அந்தத் தாளைக் கிழிச்சிப் போடுங்க," என்றாள்.

"இன்னொண்ணும் இருக்கு," என்றார் டீச்சர், சொல்லாமலிருக்க முடியாதவராக. "யோபுவோட பேர்ல இருக்கிற அதே நாலு எழுத்தை இடம் மாத்திப் போட்டா பகையாளின்னு அர்த்தம் வரும். அதுக்கும் பத்தொம்பதுதான்."

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. பத்தொன்பதும் பத்தொன்பதும் சேர வேண்டியவை என்றது ஒரு பாதி, பத்தொன்பது என்றால் பகை, வேதமே சொல்லிவிட்டது என்றது மறுபாதி. தேநீர்க்கடையில் பெஞ்சு பெஞ்சாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். டீச்சரிடம் போய்க் கேட்டபோது அவர் ஒரு வெள்ளாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டே, "கணக்கு ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சுல ஒக்கார வைக்கும். அங்க என்ன பேசிக்கிடணும்னு கணக்குக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

மறுநாள் நாலு மணிக்கு ஏவாளின் கால்கள் கிளம்பின. அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வலது கால் வாசலைப் பார்த்துத் திரும்பியது, இடது கால் அதன் பின்னால் போனது. அவள் கதவு நிலையைப் பிடித்தாள், கை நழுவியது. மாவுக் கையோடு, தலையில் கட்டிய துணியோடு, தெரு பார்க்க அவள் நடந்தாள். எதிர்த்திசையில், முழங்கால் வரை உப்புச்சேறு அப்பியிருக்க, கையில் உப்பு வாரும் பலகையோடு யோபு வந்துகொண்டிருந்தான், அவன் முகத்தைப் பார்த்தால் அவனையும் யாரும் கேட்டுக்கொண்டு கூட்டிவரவில்லை என்று தெரிந்தது. சரி பாதி வழியில், பஸ் நிழற்குடையில், இருவர் கால்களும் நின்றன. இருவரும் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். அரைமணி நேரம் அப்படியே நின்றார்கள், பிறகு கால்கள் விட்டுவிட்டன, அவரவர் வழியே போனார்கள்.

தினமும் இதுதான். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் நாலு மணிக்கு அந்த இடத்தைக் காலி செய்து கொடுத்துவிட்டு வெயிலில் நின்றார்கள். சீனிக்கனி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டுப் போவாள். ஏவாள் அடுப்போடு தன்னைச் சேலையால் கட்டிப் பார்த்தாள், முடிச்சு தானே அவிழ்ந்தது. உட்கார்ந்த இடத்தில் அழுது பார்த்தாள், அழுதுகொண்டே நடந்தாள். பத்தாவது நாளிலிருந்து நாலு மணிக்கு முன்னால் முகம் கழுவ ஆரம்பித்தாள். ஊரார் பார்க்கிறார்கள், அதற்காகத்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஒருநாள் யோபு வெள்ளைச்சட்டை போட்டு வந்தான். முதுகு மட்டும்தான் தெரியும், ஆனால் முதுகும் தேய்த்திருந்தது.

ஐப்பசி பிறந்தது. உப்பு அம்பாரங்களைக் கீற்று போட்டு மூடினார்கள். ஒரு வியாழக்கிழமை நாலு மணிக்கு இருவரும் வந்து நின்ற ஐந்தாவது நிமிஷம் மழை பிடித்தது, அண்டா அண்டாவாய்க் கவிழ்த்தது. நிழற்குடையின் தகரத்தில் ஓட்டைகள் இருந்தன, நனையாத இடம் நடுவில் ஒரு முழந்தான் இருந்தது. இருவரும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். தெருவில் ஒரு ஆள் இல்லை. அவன் முதுகின் சூடு தன் முதுகில் தெரிந்தபோது, இருபத்திரண்டு வருஷமாக அடைத்து வைத்திருந்த கேள்வி ஏவாளின் வாயிலிருந்து தானாக வந்தது.

"அன்னைக்கு ஏன் எந்திரிச்சீங்க?"

"ஐயர் கேட்டாரு," என்றான் அவன்.

"தடை இருக்கிறவங்கதான சொல்லணும்?"

"அது எனக்கு அப்புறம்தான் தெரியும். மொதல் ரெண்டு வாரம் நான் கோயிலுக்கு வரல, அளத்துல வேலை. அன்னைக்கு ஐயர் என்னையே பாத்துக் கேட்டாரு. பெரியவங்க கேட்டா எந்திரிச்சுப் பதில் சொல்லணும்னு எந்திரிச்சேன். எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு சொல்ல வந்தேன்." அவன் நிறுத்தினான். "ஆட்சேபணை வரைக்கும் வந்துட்டு. அப்ப இருமல் பிடிச்சுது. உப்புத்தூசி தொண்டையில எப்பவும் உண்டும். இருமி முடிச்சுப் பாக்கேன், நீ கோயில்ல இல்ல. ஒங்க அண்ணன் என் சட்டையைப் பிடிச்சிட்டு நிக்கான்."

மழை தகரத்தில் அடித்தது. ஏவாள் கண்ணை மூடினாள். கோயிலின் நடுவழியில் தான் வேகவேகமாக நடந்து போனதும், பின்னால் யாரோ விடாமல் இருமியதும் அவளுக்கு இப்போது கேட்டது. அந்த இருமலை அவள் அன்றைக்குக் கேட்டிருந்தாள். கேட்டும் திரும்பவில்லை.

"ஒரு வார்த்த," என்றாள். "மறுநாள் வந்து சொல்லப்படாதா?"

"வந்தேன். ஒங்க அப்பா கதவத் தொறக்கல. கடுதாசி போட்டேன், பிரிக்காமலே திரும்பி வந்துட்டு. அப்புறம் எனக்கும் கோவம். ஒரு பேச்சு முடியிறவரைக்கும் பொறுக்காத வீட்டுல நமக்கென்ன சோலின்னு இருந்துட்டேன்."

"அப்பா செத்துப் பதினாலு வருஷம் ஆவுது. இந்தப் பதினாலு வருஷமா வாயில என்ன இருந்துச்சு?"

"பயம்," என்றான் யோபு. "நீ அதையும் முழுசாக் கேக்கமாட்டியோன்னு பயம்."

ஏவாளுக்குக் கோபம் வந்தது. அப்பாமேல், அண்ணன்மேல், இவன்மேல், எல்லாரையும்விடத் தன்மேல். திரும்பி அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. திரும்பினாள். அவனும் திரும்பினான். நரைத்த மீசையும், வெயிலில் சுருங்கிய கண்ணும், தாடையில் ஒட்டிய உப்புமாக அவன் முகம் அவளுக்குத் தெரியாத ஒரு முகமாக இருந்தது. அதை முழுவதும் பார்த்து முடிப்பதற்குள் அவளுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அவன் முதலில் பயந்தான். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள், "இருமல், இருமல்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், சிரித்து முடிப்பதற்குள் அரைமணி ஆகிக் கால்கள் விட்டுவிட்டன, அவள் மழையோடு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் ரொட்டி நடக்கவில்லை.

பன்கள் அலமாரியில் அடுக்கிய இடத்திலேயே இருந்தன. வெள்ளாடுகள் தத்தம் வீட்டில் நின்றன, எட்டாம் வகுப்பு ஜன்னலில் வானம் தெரிந்தது. பாத்திரத்தோடு மதிலோரம் நின்றவர்கள் எட்டு மணி வரை பார்த்துவிட்டு, முகம் தொங்கிப்போய்க் கடைக்கு வந்து வாங்கினார்கள். பஸ் டிரைவர் பழக்கத்தில் பலகைக்கு முன்னால் நிறுத்தி, யாரும் கடக்காததால் வருத்தத்தோடு எடுத்தார்.

நாலு மணி ஆனது. ஏவாள் முகம் கழுவி, சேலை மாற்றி, கடைவாசலில் நின்றாள். கால்கள் அசையவில்லை. அவை வெறும் கால்களாக இருந்தன, குதிங்காலில் வெடிப்போடு, அவளுடையவையாக. அந்த வழியாக எப்சிபா டீச்சர் தனியாகக் குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

"டீச்சர், கணக்கு தப்பாப் போச்சா?"

"கணக்கு எப்படித் தப்பாகும்? பத்தொம்பது எப்பவும் பத்தொம்பதுதான் ஏவா. இழுக்கது மட்டும் நின்னுட்டு."

"ஏன் நின்னுட்டு?"

"அதை நான் எங்கே போய்க் கூட்டுவேன்?" என்று சொல்லிவிட்டு டீச்சர் போனார்.

ஏவாள் படியிறங்கினாள். கால் இழுத்துக்கொண்டு போனபோது இவ்வளவு தூரம் இருந்ததில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலும் பார்த்தது, ஒவ்வொரு அடியையும் அவளே எடுத்து அவளே வைக்க வேண்டியிருந்தது, பாதியில் ஒருமுறை திரும்பிவிடலாம் என்று நின்றாள், பிறகு போனாள். நிழற்குடையில் யாரும் இல்லை. அவள் உட்கார்ந்தாள். ஒரு பஸ் வந்து நின்று, ஏறவில்லையா என்று பார்த்து, போனது. கால்மணி நேரம் ஆனது. அவன் வரமாட்டான், இழுப்பு நின்றதும் அவனும் நின்றுவிட்டான் என்று அவள் எழுந்தபோது, கோயில் மதிலைச் சுற்றிக்கொண்டு ஒற்றைச் செருப்போடு யோபு ஓடிவந்தான்.

"இன்னைக்குக் கால் தானா வரல," என்றான் மூச்சு வாங்க. "தினம் அதுவா கெளம்பும், நான் மணியே பாக்கிறதில்ல. நாலு தாண்டினப் பொறவுதான் தெரிஞ்சுது. சேத்துல ஒரு செருப்பு போயிட்டு."

"கால் வரலேல்லா. பொறவு ஏன் வந்தீங்க?"

அவன் யோசித்தான். "நானா வந்தேன்," என்றான்.

ஏவாள் திரும்ப உட்கார்ந்து, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். "ஒக்காருங்க அத்தான்," என்றாள்.

தை மாதத்தில் ஞானசிகாமணி ஐயர் அவர்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். எப்சிபா டீச்சர் முன்வரிசையில் உட்கார்ந்து, சேர்ந்து எடுத்த போட்டோவில் கண்ணை மூடிக்கொண்டார். புதன்கிழமைக் கூட்டத்துக்கு இப்போது ஆண்களும் வருகிறார்கள், ஒரு வசனத்துக்கு ஒரு வாரம் என்று மெதுவாகப் போகிறது. எதுவும் நடக்காவிட்டாலும் மூன்று மணிக்கெல்லாம் அறை நிறைந்துவிடுகிறது.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை ஏவாள் தேநீர் போட்டு, பொன்னிறமாய் ஆவி பறக்கும் இரண்டு பன்களைத் தட்டில் வைத்து யோபுவின் முன்னால் வைத்தாள். அவன் தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மீசையைத் தடவினான்.

"என்ன?"

"ஒண்ணு சொன்னா வருத்தப்படமாட்டியே?"

"சொல்லுங்க."

"காலையில எனக்கு ரொட்டி எறங்காது. இட்டிலிதான்."

ஏவாள் இடுப்பில் கை வைத்தாள். "அன்னைக்கு ரெண்டு மாசம் என் ரொட்டி பூராவும் ஒங்க உப்புலதான கெடந்துச்சு? ஒண்ணு கூடவா தின்னு பாக்கல?"

"ஒண்ணு கூட இல்ல."

அவள் அவன் எதிரில் உட்கார்ந்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு பன்னை எடுத்து முகர்ந்து, முகத்தைச் சுளித்துத் திரும்ப வைத்தாள்.

"இருபத்திரண்டு வருஷமா விடிஞ்சா இந்த வாடதான்," என்றாள். "எனக்கும் காலையில ஆவாது அத்தான். தனி ஆளுக்கு எதுக்கு மாவாட்டணும்னு இதையே தேத்தண்ணில முக்கித் தின்னுக்கிட்டு கெடந்தேன்."

இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள இட்டிலிக்கடைக்குப் போனார்கள். யோபு எட்டு தின்றான். ஏவாள் ஒன்பது தின்றுவிட்டு, சட்னி இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள்.